வீட்டு ஏசி மக்கர் செய்தால்: எந்த அறிகுறிக்கு எவ்வளவு செலவு

ஏசி சரியாகக் குளிரவில்லை என்றதும் முதலில் காதில் விழுவது "கேஸ் போயிருக்கும்" என்ற சொல்தான். அந்த ஒரு சொல்லுக்கு விலை மூவாயிரம் ரூபாய். அடைபட்ட ஃபில்டரும் இதே அறிகுறியைத்தான் தரும். வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் தூசு படிந்த காயிலும் (தகடுகள் கோத்த குழாய்ச் சுருள்), மோட்டார் ஓடத் தொடங்க உதவும் நானூறு ரூபாய்க் கெப்பாசிட்டர் கெட்டுப்போனாலும் அப்படித்தான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசே ஆகாத காரணம் முதலில் வரும், பெரிய செலவு கடைசியில் வரும். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

தொகைகள் எல்லாம் தமிழ்நாட்டு நகரங்களில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசிக்கு வெளி மெக்கானிக் வாங்கும் தோராயமான அளவு. ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும். கம்பெனி சர்வீஸ் என்றால் வந்து பார்க்கும் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் மேலே சேரும்.

தொடங்கும் முன்

ஒரு சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டர், டார்ச் லைட். இவை போதும்.

எதைத் திறந்தாலும் முதலில் எம்.சி.பி.யை (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் கரண்ட் போய்விடாது. அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்ற வேண்டாம். கரண்ட் அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மாடிச் சுவருக்கு வெளியே ஸ்டாண்டில் தொங்கும் யூனிட்டை ஜன்னல் வழியாக எட்டிச் சுத்தம் செய்யவே கூடாது. அதற்குக் கயிறு, பெல்ட் கட்டி வேலை செய்பவர்தான் வேண்டும்.

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். என்ன கேஸ், எத்தனை கிராம், எத்தனை ஆம்பியர் என்று அதில் இருக்கும். பின்னால் விலை பேசும்போது இதுதான் கை கொடுக்கும்.

## அறிகுறி 1: ஓடுகிறது, ஆனால் அறை குளிரவில்லை

ரிமோட் (செலவு இல்லை)

ரிமோட் திரையில் பனிச்செதில் அடையாளம் (கூல் மோட்) தெரிகிறதா பாருங்கள். குழந்தை கையில் போன ரிமோட் ஃபேன் மோடிலோ டிரை மோடிலோ நின்றிருக்கும். புது இன்வெர்ட்டர் ஏசிகளில் (அவுட்டோரில் கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் வேகம் தேவைக்கேற்ப மாறும் வகை) இன்னொரு விஷயம் உண்டு. "கன்வெர்ட்டிபிள்" என்று விற்கப்படும் மாடல்களில் திறனை 80, 60, 40 சதவீதம் என்று குறைத்து வைக்கும் பட்டன் இருக்கிறது. அது 40-ல் நின்றால் ஒன்றரை டன் ஏசி முக்கால் டன்னுக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும். ஈகோ மோடும் அதேபோலத்தான். இரண்டையும் எடுத்துவிட்டு 18 டிகிரி, அதிவேக ஃபேன் வைத்துப் பாருங்கள்.

ஃபில்டர் (செலவு இல்லை)

முன் மூடியைத் தூக்கினால் வலை போல இரண்டு ஃபில்டர் வரும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். வெயிலில் வைத்தால் சட்டம் வளைந்துவிடும். ஏசி தினமும் ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும். பக்கத்தில் வீடு கட்டும் வேலை நடந்தால் வாரம் ஒரு முறை.

தெர்மாமீட்டர் சோதனை

இந்த முழு வழிமுறையிலும் அதிகம் பயன்படுவது இதுதான். 18 டிகிரி வைத்து, அதிவேக ஃபேனில், கதவை மூடி இருபது நிமிடம் ஓடவிடுங்கள். இண்டோர் யூனிட்டின் மேல்பக்கம் காற்றை இழுக்கும் இடத்தில் ஒரு அளவு, குளிர்காற்று வெளிவரும் வாயில் ஒரு அளவு எடுங்கள்.

- வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி: ஏசி ஒழுங்காக இருக்கிறது. குறை அறையில் இருக்கிறது. கீழே "அறை" பகுதிக்குப் போங்கள். கடலோர ஊர்களில் புழுக்கம் மிகுந்த நாளில் 8-ஐ ஒட்டி நிற்பது இயல்பு.
- 4 முதல் 7: காற்றோட்டம் அல்லது அவுட்டோர். மேலே உள்ள ஃபில்டர், கீழே உள்ள அவுட்டோர் யூனிட் பகுதிகளைப் பாருங்கள்.
- 3-க்கும் கீழ்: கம்ப்ரஸர் ஓடவில்லை, அல்லது கேஸ் மிகவும் குறைந்துவிட்டது.

மெக்கானிக் வருவதற்கு முன்னும் போன பின்னும் இந்த எண்ணை எழுதி வைத்தால், கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா என்பது வாதமில்லாமல் தெரிந்துவிடும்.

அறை

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை மே மாதம் நள்ளிரவு வரைக்கும் சூட்டைக் கக்கும். கீழ்த்தளத்தில் 120 சதுர அடிக்கு ஒரு டன் போதும். அதே அறை மேல்தளத்தில் இருந்தால் ஒன்றரை டன் வேண்டும். இங்கே எத்தனை முறை சர்வீஸ் செய்தாலும் பயனில்லை. மொட்டை மாடியில் வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடிப்பது, மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போடுவது, கதவின் அடி இடுக்கை அடைப்பது ஆகியவைதான் வேலை செய்யும்.

அவுட்டோர் யூனிட் (0 முதல் 800 ரூபாய்)

முன்னால் துணி காயப்போட்டிருக்கிறதா? பால்கனியை கிரில், கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்களா? சூடான காற்று வெளியேற இடமில்லாமல் திரும்பத் திரும்ப அதே யூனிட்டுக்குள் போனால் மதிய நேரத்தில் குளிர் செத்துவிடும், இரவில் பரவாயில்லாமல் இருக்கும். முன்பக்கம் மூன்றடியாவது திறந்த வெளி வேண்டும்.

பின்பக்கக் காயிலில் தூசு போர்வை போல் ஒட்டியிருந்தால், எம்.சி.பி. அணைத்து, தோட்டக் குழாயில் மெதுவான அழுத்தத்தில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடலாம். தரையிலோ மாடியிலோ கைக்கு எட்டும் யூனிட்டுக்கு மட்டும். அலுமினியத் தகடுகள் விரலால் அழுத்தினாலே மடங்கும், எனவே பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

கெப்பாசிட்டர் (400 முதல் 800 ரூபாய், மாட்டும் கூலி சேர்த்து)

அவுட்டோரில் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் "ம்ம்ம்" என்று சில வினாடி முனகி, 'டக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி முனகுகிறது. இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் இது கெப்பாசிட்டர் என்பதற்குத் தெளிவான அடையாளம். ஒன்றரை டன் கம்ப்ரஸருக்குப் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோஃபாரட். மெக்கானிக் மீட்டரில் அளந்து காட்ட வேண்டும். அதன் மேல் அச்சிட்ட அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றுங்கள். தலைப்பகுதி உப்பியிருந்தால் அளக்கவே தேவையில்லை. இந்த நிலையில் ஏசியை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு முனகலும் கம்ப்ரஸர் சுருளைச் சூடாக்கி, நானூறு ரூபாய் வேலையைப் பதினைந்தாயிரத்துக்குக் கொண்டுபோகும்.

கேஸ் (2,500 முதல் 4,000 ரூபாய்)

கேஸ் பெட்ரோல் போலச் செலவாகித் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். "வருஷா வருஷம் டாப்-அப் பண்ணணும் சார்" என்று ஒருவர் சொன்னால், கசிவை அடைக்காமல் வருஷா வருஷம் உங்களிடம் காசு வாங்கப்போகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் கேஸ் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும்: அவுட்டோரில் மெல்லிய பைப் சேரும் வால்வில் வெண்பனி படிந்திருக்கும், தடித்த பைப் வியர்க்காமல் காய்ந்து கிடக்கும். பைப்பை வால்வோடு இறுக்கும் ஃபிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு அங்கேதான். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் வெளியே வரும்.

கேஜ் (கேஸின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) அளவை மட்டும் காட்டி முடிவு சொல்ல விடாதீர்கள். அந்த அளவு கேஸ் வகைக்கு வகை மாறும். ஓடும்போது ஆர்-22 சுமார் 60 முதல் 70 பி.எஸ்.ஐ., ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் 110 முதல் 150 வரை காட்டும். 65 என்ற எண் ஒரு மெஷினில் சரி, இன்னொன்றில் பாதி காலி. இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் வேகத்துக்கேற்ப முள் ஏறி இறங்கும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

முழு வேலை என்றால் இந்த வரிசை: மீதி கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா பார்ப்பது, சோப்பு நுரை வைத்துக் கசிவைப் பிடிப்பது, பைப்பின் விரிந்த முனையை (ஃபிளேர்) புதிதாக அடிப்பது அல்லது பற்றவைப்பது, வாக்யூம் பம்ப் வைத்து இருபது முப்பது நிமிடம் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது, கடைசியில் தராசில் சிலிண்டரை வைத்து ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் ஏற்றுவது. வாக்யூம் பம்ப்பும் தராசும் இல்லாமல் சிலிண்டரோடு மட்டும் வந்தவரை அன்றே திருப்பி அனுப்பலாம். வாக்யூம் போடாமல், கேஸையே கொஞ்சம் வெளியே விட்டு உள்ளே உள்ள காற்றைத் தள்ளுவது குறுக்கு வழி. ஈரம் உள்ளே தங்கும், எண்ணெய் கெடும், கம்ப்ரஸர் ஆயுள் குறையும்.

ஆர்-22 மெஷினில் ஆர்-32 போட அனுமதிக்காதீர்கள். அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, எண்ணெயும் வேறு. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உடையது. ஆர்-290 என்று போட்டிருந்தால் அது புரோப்பேன், சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம். அதற்குக் கம்பெனியில் பயிற்சி பெற்றவரைத் தவிர யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

## அறிகுறி 2: இண்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

டிரெய்ன் பைப், அதாவது தண்ணீர் வெளியேறும் குழாய் (0 முதல் 500 ரூபாய்)

புழுக்கமான நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் வரும். அது வெளியே போகவில்லை என்றால் சுவரில்தான் இறங்கும். வெளி முனையைப் பாருங்கள்.

முனை பக்கெட்டுத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறதா? செடிக்கு ஊற்றத் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் மிகவும் சாதாரணமான தவறு இது. மூழ்கிய குழாயில் காற்று அடைத்து, தண்ணீர் திரும்பி உள்ளே சொட்டும். முனையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டினால் போதும்.

சொட்டுச் சொட்டாக மட்டுமே வருகிறதா? உள்ளே பாசி, கொழகொழப்பு. வேக்குவம் கிளீனர் வாயைக் குழாய் முனையில் வைத்துத் துணி சுற்றி ஒரு நிமிடம் இழுங்கள். தண்ணீர் இழுக்கும் வகை கிளீனராக இருக்க வேண்டும். பிறகு ஃபில்டரைக் கழற்றி, எம்.சி.பி. அணைத்தபடி, ஒரு குவளைத் தண்ணீரைக் காயில் மேல் மெதுவாக ஊற்றி வெளியே வருகிறதா பாருங்கள். மின்பலகை இருக்கும் பக்கம், பெரும்பாலும் வலது கோடி, தண்ணீர் படக்கூடாது.

குழாய் நடுவில் தொய்ந்து மேலேறி இறங்குகிறதா? வழி முழுக்கச் சரிவாக இருக்கும்படி கிளிப் அடியுங்கள்.

யூனிட்டின் மட்டம் (300 முதல் 600)

புதிதாக மாட்டிய அல்லது வீடு மாற்றிய ஏசி முதல் வாரமே ஒழுகினால் இதுதான். டிரெய்ன் இருக்கும் பக்கம் கடுகளவு தாழ்ந்திருக்க வேண்டும். மாட்டியவரே வந்து இலவசமாகச் சரிசெய்ய வேண்டிய வேலை.

பைப் வியர்வை (200 முதல் 500)

யூனிட்டில் இல்லாமல் சுவரோரம் போகும் பைப்பிலிருந்து சொட்டினால் மேலே சுற்றிய கறுப்பு நுரை கிழிந்திருக்கிறது. புது நுரைக்குழாய் போட்டு டேப் சுற்றினால் முடிந்தது. இதற்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை.

மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால் காயிலுக்கு அடியில் தண்ணீர் விழும் தட்டில் விரிசல், அல்லது ஐஸ் உருகி வழிகிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: காயிலில் ஐஸ் பிடிக்கிறது

உடனே கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கீறக் கூடாது. காயிலில் ஒரு ஊசித்துளை விழுந்தால் 6,000 முதல் 12,000 ரூபாய்.

உருகிய பின்: ஃபில்டர் கழுவியாயிற்றா? ஆயிற்று என்றால் டார்ச் அடித்து, காற்று வரும் வாய்க்குள் இருக்கும் உருளை புளோயரைப் பாருங்கள். அதன் இதழ்களில் கம்பளி போல அழுக்கு ஒட்டியிருந்தால் காற்று பாதிதான் வரும். இது வீட்டில் செய்யும் வேலையல்ல. ஜெட் பம்ப் சர்வீஸ் (அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது), 500 முதல் 800 ரூபாய். எல்லாம் சுத்தமாக இருந்தும் இரண்டே நாளில் ஐஸ் வந்தால் கேஸ் கசிவு அல்லது காயில் சென்சார். சென்சார் 400 முதல் 900 ரூபாயில் முடியும் என்பதால் முதலில் அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: எம்.சி.பி. விழுகிறது, அல்லது தானாக அணைகிறது

போட்ட நொடியே விழுந்தால் மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். ஷார்ட், எர்த் கசிவு அல்லது கம்ப்ரஸர் சுருள் எரிந்திருக்கிறது. நேராக எலக்ட்ரீஷியன்.

பத்து இருபது நிமிடம் ஓடிய பின் விழுந்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள். எம்.சி.பி. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முனைகள் கறுத்திருக்கிறதா, சாக்கெட் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த இணைப்பு சூடாகி எரிவது வீட்டு ஏசிகளில் தீ விபத்துக்கே வழி. 16 ஆம்பியர் சாக்கெட், அல்லது ஏசிக்கென்று தனி எம்.சி.பி. பெட்டி 300 முதல் 700 ரூபாய்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசியை ஒருபோதும் ஓட்டக் கூடாது. பிளக் நன்றாக இருந்தால் அவுட்டோர் காயில் அடைப்பைப் பாருங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் அணைந்தால் வோல்டேஜ். தெருவே ஏசி போடும் நேரம் அது. ஸ்டெபிலைசர் திரையில் உள்ளே வரும் அளவைக் குறியுங்கள். 170-க்குக் கீழே போனால் சாதாரண ஸ்டெபிலைசர் கைவிட்டுவிடும். மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். அண்டை வீட்டாரையும் சேர்த்துக் கொடுத்தால் ஃபேஸ் மாற்றிவிடவோ டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கவோ வாய்ப்பு அதிகம். கரண்ட் வந்து மூன்று நிமிடம் கழித்து ஏசி ஓடுவது கோளாறு அல்ல, கம்ப்ரஸரைக் காக்கும் தாமதம் அது.

லைட் விட்டுவிட்டு எரிந்தால் அல்லது எழுத்து எண் காட்டினால் போட்டோ எடுங்கள். எம்.சி.பி.யைப் பத்து நிமிடம் அணைத்துப் போடுங்கள். மறுபடி வந்தால் கம்பெனியைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டர் போர்டு புதிது 4,000 முதல் 12,000 வரை போகும். மாற்றச் சம்மதிக்கும் முன் வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள், பல மாடல்களில் போர்டுக்கு ஐந்து வருடம் வரை உண்டு. கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் என்று இருந்தாலும் அது பொருளுக்கு மட்டும், கேஸும் கூலியும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

## அறிகுறி 5: நாற்றம், சத்தம்

ஈரச் சாக்ஸ் நாற்றம் என்றால் காயிலில் பூஞ்சை. அணைக்கும் முன் பதினைந்து நிமிடம் ஃபேன் மோடில் ஓட்டிக் காயவைத்தால் குறையும். போகவில்லை என்றால் ஜெட் சர்வீஸ். திடீரென்று பிண நாற்றம் வந்தால் புளோயரில் பல்லி சிக்கியிருக்கும், அதற்கும் சர்வீஸ்தான். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் வரும்வரை தொடாதீர்கள்.

தொடங்கும்போதும் அணைக்கும்போதும் பிளாஸ்டிக் 'டிக் டிக்' என்பதும் கேஸ் சலசலப்பதும் இயல்பு. 'கிரீச்' என்றால் புளோயர் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்), 300 முதல் 700. வெளியே தடதடத்தால் ஸ்டாண்டு போல்ட் அல்லது நைந்த ரப்பர் பாதம். மாடியில் இருந்தால் உடனே பார்க்க வேண்டும், போல்ட் துரு பிடித்த யூனிட் கீழே விழும்.

## அறிகுறி 6: கரண்ட் பில் எகிறிவிட்டது

மற்றவற்றை அணைத்து, ஏசியை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டி மீட்டரைப் பாருங்கள். ஒன்றரை டன் சாதாரண ஏசி நிற்காமல் ஓடினால் ஒன்றரை யூனிட்டை ஒட்டி வரும். இன்வெர்ட்டர் அறை குளிர்ந்த பின் ஒரு யூனிட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் அறிகுறி 1-க்குப் போங்கள். அளவு சரியாக இருந்தால் 24 முதல் 26 டிகிரியில் வைத்து சீலிங் ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் சலுகையும் சேர்ந்து போய்விடுவதால், 490-க்கும் 510-க்கும் நடுவே பில் நன்றாகவே குதிக்கும்.

## சர்வீஸ், ஏ.எம்.சி.

வருடத்துக்கு இரண்டு ஜெட் சர்வீஸ் போதும்: பிப்ரவரி கடைசியில் ஒன்று, மழைக்கு முன் ஒன்று. ஏப்ரலில் கூப்பிட்டால் விலையும் கூடும், அவசரத்தில் பாதி வேலைதான் நடக்கும். இண்டோருக்குக் கீழே பை கட்டி, காயில், புளோயர், தட்டு மூன்றையும் கழுவி, அவுட்டோரையும் கழுவினால்தான் அது முழு சர்வீஸ். இண்டோர் மட்டும் துடைத்துவிட்டு அதே காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆசிட் கலந்த கெமிக்கல் வாஷ் வேண்டாம். அன்று பளபளக்கும், தகடுகள் பொடியத் தொடங்கும்.

சர்வீஸ் மட்டும் அடங்கும் ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) 1,500 முதல் 2,500 ரூபாய். ஐந்து வருடத்துக்குள் உள்ள ஏசிக்கு அது தேவையில்லை, இரண்டு சர்வீஸைத் தனியாகச் செய்தால் அதைவிடக் குறைவு. பாகங்களும் கேஸும் அடங்கும் 4,000 முதல் 6,000 ரூபாய் ஒப்பந்தம் கடலோர வீடுகளுக்கு அர்த்தமுள்ளது. உப்புக்காற்றில் காயில் அரித்து மறுபடி மறுபடி கசியும். ஆனால் காயில் அதில் சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள், பல ஒப்பந்தங்கள் அதைத்தான் விலக்கி வைக்கின்றன.

## பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா

கம்ப்ரஸர் போய்விட்டால் கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 12,000 முதல் 20,000. எட்டு வருடத்துக்கு மேல் ஓடிய ஏசிக்கு இந்தப் பணத்தைப் போடாதீர்கள். ஆர்-22 மெஷினாக இருந்தால் வயதே பார்க்க வேண்டாம், அந்தக் கேஸ் படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் கணக்கில் சேருங்கள். மூன்று வருட ஏசியில் காயில் மட்டும் போயிருந்தால் மாற்றுவதுதான் லாபம், அதுவும் தாமிரக் காயிலாக. எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் உள்ளூர்ப் பழைய சாமான் கடையிலும் ஒரு விலை கேளுங்கள். உள்ளே இருக்கும் தாமிரத்துக்காகப் பல சமயம் அங்கேதான் கூடுதலாகக் கிடைக்கும்.